முதுகில் ஒட்டும் மண்

நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பிரசாதமே மண்தான். ஓலை வேய்ந்த கருவறையின் ஈரத் தரையிலிருந்து எடுத்த மண்ணைக் கொஞ்சம் கையில் தருவார்கள். ஆறு மாதம் கறுப்பாகவும் ஆறு மாதம் வெளுப்பாகவும் அது நிறம் மாறும் என்பது ஊர் நம்பிக்கை. நெற்றியில் இட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்து வருவோம். சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கம் என்பதால் அதில் எங்களுக்கு வியப்பு ஒன்றும் கிடையாது.

வேலைக்காக நான் சில வருடம் மகாராஷ்டிரத்தின் தெற்குப் பக்கம் இருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் கோலாப்பூரில் ஒரு தாலீமுக்குக் கூட்டிப்போனார்கள். குஸ்திப் பயிற்சிக்கூடத்துக்கு அங்கே தாலீம் என்று பெயர். இன்னும் வடக்கே போனால் அகாடா. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஓர் அறை அளவுக்குச் சிவந்த மண் பரப்பிய குழி. லங்கோடு என்ற கோவணம் கட்டிய ஒரு பையன் அதன் ஓரத்தில் குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு இறங்கினான். எனக்குச் சட்டென்று நாகராஜா கோயில் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், வடக்கே பல ஊர்களில் பயில்வான்களுக்குப் பெரிய நாளே நாகபஞ்சமிதான். காசியில் அன்றைக்கு அகாடாக்களில் பூசை செய்து போட்டி வைக்கிறார்கள். நாம் ஆவணி ஞாயிறுகளில் நாகருக்குப் பால் ஊற்ற வரிசையில் நிற்கிற காலத்தை ஒட்டியே அதுவும் வருகிறது. இந்தப் பழக்கத்துக்கும் அந்தப் பழக்கத்துக்கும் நேர் உறவு சொல்ல நான் துணிய மாட்டேன். ஆனால் குமரி மாவட்டத்துக்காரன் ஒருவன் குஸ்தியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் சிலர் 'சேற்று மல்யுத்தம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது தப்பான படத்தைத் தருகிறது. சேற்றில் குஸ்தி போட முடியாது. கால் வழுக்கும், பிடி நிற்காது. கோதாவில், அதாவது அந்தக் குஸ்திக் குழியில், இருப்பது பதப்படுத்திய மண். நம் வீட்டுச் சமையலில் சொன்னால், புட்டுக்கு விரவிய மாவின் பதம். கையில் பிடித்தால் பிடி நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மண்ணை அந்தப் பதத்தில் வைத்திருப்பது குஸ்தியில் பாதி வேலை. பிடி, சாப்பாடு, சாமி, பிழைப்பு என்று குஸ்தியில் எதைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் இந்த மண்ணில்தான் வந்து நிற்கும்.

மண்ணைப் பதப்படுத்துவது

முதலில் கல், கண்ணாடி, வேர் எதுவும் இல்லாமல் மண்ணைச் சலிக்க வேண்டும். நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சரளை கலந்த செம்மண்ணை அப்படியே கொட்டினால் முதல் நாளே முட்டி கிழிந்துவிடும். சலித்த மண்ணில் எண்ணெய், மோர், மஞ்சள், வேப்பிலை, காவிப்பொடி சேர்ப்பார்கள். சில இடங்களில் நெய்யும் விடுவதுண்டு. ஊருக்கு ஊர், வாத்தியாருக்கு வாத்தியார் சேர்மானம் மாறும். எண்ணெயும் மோரும் மண்ணை மெத்தென்று ஆக்கிப் பிடிப்புக் கொடுக்கும். மஞ்சளும் வேப்பிலையும் சிராய்ப்பு சீழ் பிடிக்காமல் இருக்க என்பார்கள். புழுதி பறக்கிற அளவுக்குக் காயவும் கூடாது, ஒட்டுகிற அளவுக்கு நனையவும் கூடாது. அதனால் சில நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒருதரம் செய்து முடிக்கிற வேலை கிடையாது. இறுகிய மண்ணைத் தினமும் கனமான மண்வெட்டியால் கொத்தி இளக்க வேண்டும். கொத்திய பிறகு ஒரு பலகையைப் போட்டு இழுத்து மட்டப்படுத்துவார்கள். பாரத்துக்கு ஒரு ஆள் அதன்மேல் ஏறிக்கொள்வான். நாஞ்சில் நாட்டு வயலில் பரம்படித்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். மண்ணைக் கொத்துவதும் இழுப்பதும்தான் பயில்வானின் முதல் உடற்பயிற்சி. தோள், இடுப்பு, உள்ளங்கைப் பிடி மூன்றும் அதில் இறுகும். தண்டாலும், உட்கார்ந்து எழுகிற பஸ்கியும், கையில் சுழற்றுகிற கர்லாக்கட்டையும் அதற்கு மேல்தான்.

இனி, இந்த மண் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். இளகிய மண்ணில் கால் கணுக்கால்வரை புதையும். அதனால் பாய்ந்து காலைப் பிடிக்கிற வேகம் குறையும். கழுத்தில் கைபோட்டு, நெற்றியோடு நெற்றி முட்டி, எதிராளியின் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நேரம் பார்க்கிற பொறுமை கூடும். தூக்கிப் போட்டாலும் எலும்பு உடையாமல் மண் வாங்கிக்கொள்ளும் என்பதால் உயரத் தூக்கிப் போடுகிற பிடிகள் செழித்து வளர்ந்தன. வியர்த்த உடம்பு வழுக்கும். அதற்கும் மண்தான் வழி. ஆட்டம் தொடங்கும்போதே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மண்ணைத் தூவித் தேய்த்துவிடுவதைப் பார்க்கலாம். பார்க்கிறவர்களுக்கு அது சடங்காகத் தெரியும். உன் பிடிக்கு நான் வழுக்கிப் போக மாட்டேன், என் பிடிக்கு நீயும் வழுக்காதே என்கிற ஒப்பந்தமும் அதில் இருக்கிறது.

வெற்றிக்கு ஒரே கணக்கு. எதிராளியின் இரண்டு தோள்பட்டையும் ஒரே நேரத்தில் மண்ணில் பட வேண்டும். அதற்குப் பெயர் 'சித்'. பழைய முறையில் புள்ளி கிடையாது, அடி கிடையாது, குத்து கிடையாது. மல்லாக்க விழுந்தவன் தோற்றான், அவ்வளவே. குப்புற விழுந்தால் தோல்வி இல்லை. குப்புறப் படுத்து மண்ணை இறுகப் பிடித்துக்கொண்டு கிடப்பது ஒரு தற்காப்பு முறை. அவனைப் புரட்டிப் போடுவதற்கென்றே தனிப் பிடிகள் இருக்கின்றன. 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று நாம் கேலியாகச் சொல்கிற பழமொழியை ஒரு பயில்வானிடம் சொன்னால், மீசையில் ஒட்டினால் என்ன, முதுகில் ஒட்டக் கூடாது என்பான். முதுகில் மண் படாதவன் என்பதுதான் அவனுக்குப் பெருமை. முதுகில் பட்ட காயத்தைப் புறப்புண் என்று நாணிய சங்க காலத்து வீரனுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்திருக்கும்.

மல்லனும் பயில்வானும்

தமிழில் இந்தக் கலைக்கு இரண்டு அடுக்குச் சொற்கள் இருக்கின்றன. கீழடுக்கில் மல், மல்லன், மற்போர். மேலடுக்கில் குஸ்தி, பயில்வான், கோதா, வஸ்தாது, தண்டால், பஸ்கி, லங்கோடு. கலை நடந்து வந்த பாதையே இந்தச் சொற்களில் கிடக்கிறது.

கீழடுக்கு பழையது. புறநானூற்றின் 80-வது பாட்டு ஒரு மற்போர்க் காட்சி. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனை வீழ்த்துகிறான். பாடியவர் சாத்தந்தையார். ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்தியிருக்கிறது, இன்னொரு கால் அவன் செய்யும் தந்திரத்தைத் தடுத்து முதுகுப் பக்கம் வளைகிறது என்று பிடியையே படம் பிடித்த மாதிரி சொல்கிறார். மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானைபோல, மல்லனின் தலையும் காலும் முறியும்படி மோதினானாம். அதைவிட என்னைத் தொட்டது வேறு. கிள்ளிக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் பகை. மகன் ஜெயித்ததைப் பார்த்து அவன் மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தித்தன் இதைக் காண வேண்டும் என்று புலவர் ஆசைப்படுகிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் ஒரு கோதா ஓரத்தில் நின்ற மனிதரின் ஆசை அது. இன்றைக்கும் கிராமப் போட்டிகளில், அப்பா வந்திருக்கிறாரா என்று கண்ணால் தேடுகிற பையன்களைப் பார்க்கலாம்.

7-ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தனக்கு வைத்துக்கொண்ட பட்டம் மாமல்லன், அதாவது பெரிய மல்லன். மாமல்லபுரம் என்ற ஊர்ப்பெயருக்குள்ளும் ஒரு மல்லன் நிற்கிறான். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கியன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் உள்ள மானசோல்லாசம் மல்லர்களை வகை பிரித்து, அவர்களின் சாப்பாடு, பயிற்சி, போட்டி நாள் நடைமுறை எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறது. மல்லர்களை வைத்துப் பராமரிப்பது அரசனின் பொழுதுபோக்கு மட்டுமில்லாமல் பொறுப்பாகவும் இருந்த காலம் அது.

அப்புறம் பாரசீகக் காற்று வந்தது. குஸ்தி, பயில்வான், வாத்தியாரைக் குறிக்கிற உஸ்தாத் மூன்றும் பாரசீகச் சொற்கள். ஈரானில் பயில்வான்களுக்கென்று கர்லாக்கட்டை சுழற்றும் பழைய பயிற்சிக்கூட மரபு ஒன்று இருக்கிறது. அக்பரின் அவையைப் பற்றிய குறிப்பில் ஈரானிய மல்லர்களோடும் மத்திய ஆசியாவின் துரானிய மல்லர்களோடும் குஜராத்து மல்லர்களும் சேர்த்துச் சொல்லப்படுகிறார்கள். உள்ளூர் மல்யுத்தமும் வெளியிலிருந்து வந்த குஸ்தியும் ஒரே அரண்மனை முற்றத்தில் ஒன்றோடு ஒன்று பிடி போட்டுக் கலந்தன. இன்று நாம் பார்க்கிற மண் குஸ்தி அந்தக் கலப்பில் பிறந்த பிள்ளை. அனுமன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு இறங்குகிறவனும், யா அலி என்று சொல்லிவிட்டு இறங்குகிறவனும் ஒரே லங்கோடு, ஒரே பிடி, ஒரே மண். அதனால்தான் இது யாருடைய கலை என்று உரிமை கொண்டாடுகிற பேச்சு வரும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

உஸ்தாத் என்ற சொல்லை மராத்தியில் வஸ்தாத் என்பார்கள். நம் வஸ்தாது அதன் அச்சு. ஆனால் எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. எங்கள் பக்கத்தில் சண்டை கற்பிக்கிறவர் வஸ்தாது ஆகவில்லை, ஆசான் ஆனார். கற்கிற இடம் கோதா ஆகவில்லை, களரி ஆயிற்று. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் குஸ்தியைப் பற்றி இங்கே பேசி முடிக்க முடியாது.

இங்கே தரை வேறு

குமரி மாவட்டத்தின் சொந்தக் கலை அடிமுறையும் வர்மமும். அகத்தியரைக் குருவாகச் சொல்கிற மரபு. மலையாள நாட்டின் வடபகுதிக் களரி பரசுராமரைச் சொல்லும், குழி தோண்டிக் கூரை போட்ட களரியில் நடக்கும். எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு, வீட்டு முற்றம், திறந்த வெளி எதுவும் களரியாகும். அடிபட்டால் ஆளைச் சாய்த்துவிடுகிற உடம்பின் புள்ளிகளுக்கு வர்மம் என்று பெயர். உடம்பில் 108 வர்மங்கள், அதில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்பது கணக்கு. பயிற்சி சுவட்டில் தொடங்கும். கால் எங்கே, எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்பதை ஒற்றைச்சுவடு பழக்கிவிடும். அதன்பின் அடி, தடை, பூட்டு, பிரிவு, கம்பு என்று போகும்.

என் தாய்மாமா தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோப்பில் அடிமுறை படித்தவர். குஸ்தி மண்ணைப் பற்றி அவரிடம் சொன்னபோது, நம்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "மக்களே, தரை உறைச்சுல்லா நிக்கணும். தரை இளகினா சுவடு இளகிப் போவும்" என்றார். அவர் சொன்னதில் இரண்டு கலைக்கும் உள்ள வேறுபாடு முழுதாக இருந்தது. அடிமுறையில் கால் வேகமாக மாற வேண்டும். கை ஒரு புள்ளியைத் தேடிப் போய் அடிக்க வேண்டும். அதற்கு இறுகிய தரை வேண்டும். குஸ்தியில் அடிக்கிற புள்ளி என்று ஒன்று கிடையாது. எதிராளியின் முழு உடம்பையும் மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இளகிய தரை வேண்டும். ஒன்று ஆளை நிறுத்துகிற கலை, மற்றது ஆளை விழவைக்கிற கலை. தரையைப் பார்த்தே எது எதுவென்று சொல்லிவிடலாம்.

இரண்டும் மிக நெருங்குகிற இடம் பூட்டு. எதிராளியின் மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து ஆகியவற்றை மடக்கி அசைய முடியாமல் வைப்பது பூட்டு. அதிலிருந்து வெளியே வருவது பிரிவு. குஸ்தியில் பிடியும் அதற்கு மாற்றும் இதே மாதிரி ஜோடியாகத்தான் சொல்லிக்கொடுக்கப்படுகின்றன. மாற்று தெரியாமல் பிடியை மட்டும் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது.

இன்னொரு ஒற்றுமை வைத்தியம். எங்கள் ஊர்களில் அடிமுறை ஆசான்தான் வர்ம வைத்தியரும். கை பிசகினாலும் வண்டியிலிருந்து விழுந்தாலும் தைலம் போட்டுத் தடவி, கட்டுக் கட்டுவார். ஐதராபாத், டெல்லி மாதிரி ஊர்களில் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற வைத்தியருக்குப் பேரே பயில்வான். உடம்பை உடைக்கத் தெரிந்தவனுக்குச் சேர்க்கவும் தெரிய வேண்டும் என்கிற கண்டிப்பு இரண்டு மரபிலும் ஒரே மாதிரி இருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். மருந்துவாழ் மலையைக் காட்டி, அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப்போனபோது விழுந்த துண்டு என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அகாடாவின் சாமியும் அதே அனுமன்தான். சுசீந்திரத்தில் 18 அடி உயரத்துக்கு நிற்கிற ஆஞ்சநேயருக்கு நாம் வெண்ணெய் சாத்துகிறோம். அகாடாச் சுவரில் சின்னதாக இருக்கிற அனுமனுக்கு அவர்கள் எண்ணெயும் சிந்தூரமும் பூசுகிறார்கள். 'நீ என்ன பெரிய தாராசிங்கோ' என்று நம் ஊரில் கேட்கிறோமே, அந்தத் தாராசிங் 1928-இல் பிறந்த பஞ்சாபிப் பயில்வான். 1980-களில் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வந்தவரும் அவர்தான். அகாடாவில் வளர்ந்தவருக்கு அந்த வேடம் எப்படிப் பொருந்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்லையும் சொல்ல வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில், பீடக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிற ஓர் உருண்டைக் கல்லைக் காட்டுவார்கள். எடை 38 கிலோ. மகாராஜாவின் படையில் சேர வருகிறவன் அதைத் தொடர்ந்து 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்று சொல்வார்கள். பாண்டி நாட்டுப் பக்கத்து இளவட்டக்கல்லும் இந்த இனம்தான். அகாடாவில் இதற்கு நிகராக 'நால்' என்ற கல் உண்டு. நடுவில் கைப்பிடி விட்டுக் குடைந்த கல் உருளை. இரும்புத் தட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த நாடு முழுவதும் இளைஞர்கள் கல்லோடுதான் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

தொடாமல் நடக்காத ஆட்டம்

கோலாப்பூருக்குக் குஸ்தி ஊர் என்ற பேர் வந்தது சாகு மகாராஜாவால். 1894 முதல் 1922 வரை ஆண்டவர். தாலீம்களுக்குப் பணம் கொடுத்தார், பஞ்சாப் பக்கத்திலிருந்தெல்லாம் பயில்வான்களை வரவழைத்தார். 1912-இல் திறந்த காஸ்பாக் மைதானம் அவர் கட்டியது. நடுவில் மண், சுற்றிலும் கிண்ணம்போல் ஏறுகிற சரிவு. எங்கே உட்கார்ந்தாலும் கோதா மறைக்காது. அதே சாகுதான் 1902-இல் தன் சமஸ்தான வேலைகளில் 50 சதவீதத்தைப் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கியவர்.

இந்த இரண்டு காரியத்தையும் ஒரே மனிதர் செய்தது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. எங்கள் திருவிதாங்கூரில் யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிக்கு ஒரு கணக்கு இருந்தது. பெண்கள் மார்பை மறைக்கிற தோள்சீலைக்காக இந்த மண்ணில் பல பத்தாண்டு போராட வேண்டியிருந்தது. கோயிலுக்குள் எல்லாரும் போக 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சமூகத்தில், தொடாமல் ஒரு நொடிகூட நடக்க முடியாத ஓர் ஆட்டம் என்பது சின்ன விஷயமில்லை. எதிராளியின் வியர்வை நம் கண்ணில் விழும், அவன் மூச்சு நம் முகத்தில் படும். கோதாவுக்குள் சாதி கிடையாது என்று பயில்வான்கள் பெருமையாகச் சொல்வது இதை வைத்துத்தான். வெளியே வந்ததும் அது அப்படியே நீடித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஆனாலும் அந்த நேரத்துக்காவது மண் ஒரு சட்டத்தைப் போட்டது.

பெண்களை மட்டும் அந்த மண் வெகுகாலம் உள்ளே விடவில்லை. பிரம்மச்சரியம் காக்கிற இடம் என்று காரணம் சொன்னார்கள். அதை மீறி ஹமீதா பானு என்ற பெண் ஆண் பயில்வான்களோடு மோதினார். 1954-இல் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 வினாடியில் சாய்த்தார். ஒலிம்பிக் மேடையில் ஒரு இந்தியப் பெண் குஸ்திப் பதக்கம் வாங்க 2016-இல் சாக்ஷி மாலிக் வரைக்கும் ஆயிற்று.

மண்ணிலிருந்து மேட் விரிப்புக்கு

காமா என்ற பேரைக் கேட்காத பயில்வான் இருக்க முடியாது. இயற்பெயர் குலாம் முகமது, பஞ்சாபில் பிறந்தவர், ததியா சமஸ்தானத்தின் ஆதரவில் வளர்ந்தவர். 1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ காமாவைவிட நல்ல கனம். ஆரம்பத்திலேயே கீழே போனவர், அப்புறம் இரண்டரை மணி நேரமும் பெரும்பாலும் குப்புறக் கவிழ்ந்து தரையைப் பற்றிக்கொண்டே கிடந்தார். புரட்ட முடியவில்லை. சமம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து மறுபோட்டி வைத்தபோது ஸ்பிஸ்கோ வரவில்லை, பட்டம் காமாவுக்குப் போயிற்று. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். இந்தமுறை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அடிமைப்பட்ட நாட்டில் அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காமாவுக்குப் பின்னால் ஓர் அரசர் இருந்தார். பால், நெய், பாதாம் என்று ஒரு பயில்வானின் சாப்பாட்டுச் செலவே ஒரு குடும்பச் செலவு. கோலாப்பூர்ப் பக்கத்தில் ஆட்டுக்கறிச் சாறும் சேரும். கூலி வேலை செய்துகொண்டு அப்படிச் சாப்பிட முடியாது, சாப்பிடாமல் அப்படிப் பயிற்சி செய்யவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் போயின, 1971-இல் மன்னர் மானியமும் போயிற்று. பயில்வானுக்குச் சோறு போடுகிற இடத்துக்கு ரயில்வே, காவல்துறை, ராணுவம் வந்தன. அவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தரும். அதற்குக் கேட்கிற சான்றிதழ் ஒலிம்பிக் முறைக் குஸ்தியில் வாங்கிய பதக்கம். ஒலிம்பிக் முறை நடப்பது மேட் என்கிற மெத்தை விரிப்பில். மண் குஸ்தி இளைத்ததற்கு ரசனை மாறியதை நான் பெரிய காரணமாகச் சொல்ல மாட்டேன். ஊர்த் திருவிழா கோதாக்களைச் சுற்றி இன்றைக்கும் கூட்டம் நிற்கிறது. வேலை மேட்டுக்குப் போனது, ஆட்கள் பின்னால் போனார்கள்.

அந்த மாற்றத்தின் முதல் வலியைப் பட்டவர் காசாபா ஜாதவ். சாத்தாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் கிராமத்துக்காரர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், மேட்டில் பழக்கமே இல்லாமல் இறங்கி ஆறாவது இடம் பிடித்தார். 1952-இல் ஹெல்சிங்கி போகப் பணமில்லை. ஊரார் கொடுத்தார்கள், அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டையே 7000 ரூபாய்க்கு அடகு வைத்துக் கொடுத்தார். வெண்கலத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. குஸ்தியில் அடுத்த பதக்கம் சுஷில் குமார் மூலம் 2008-இல் வந்தது. இடையில் 56 வருடம்.

மேட்டில் ஆட்டமே வேறு. மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று. ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளி. கால் புதையாது, அதனால் பாய்ச்சல்தான் ராஜா. மண்ணில் பத்து வருடம் பொறுமை பழகியவன் மேட்டில் முதல் அரை நிமிடத்திலேயே இரண்டு மூன்று புள்ளி இழந்துவிடுவான். கபடியில் நம் ஊர்ப் பையன்கள் பட்ட பாடும் இதுதான். கோயில் மைதானத்து மண்ணில் சடுகுடு ஆடியவன், மேட்டில் காலணி போட்டு ஏறும்போது அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. குமரி மாவட்டத்தில் கபடி ஆடுகிற யாரிடமும் கேட்டுப் பாருங்கள், மண் குஸ்திக்காரனின் சங்கடத்தை ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்.

மேட்டை நான் குறை சொல்லவில்லை. பெண்களுக்குக் கதவு திறந்தது அது. ஏழைப் பையன் அரசு வேலைக்குப் போக வழியும் அதுவே. டெல்லியிலும் அரியானாவிலும் சின்ன வயதில் மண்ணில் தொடங்கி, பிறகு மேட்டுக்கு மாறுவதை வழக்கமாக்கிக்கொண்ட பயிற்சிக்கூடங்கள் இருக்கின்றன. அது நல்ல ஏற்பாடு. விழப் பயப்படாத உடம்பை மண் கொடுத்துவிடுகிறது. அந்தத் தொடக்கத்தையும் செலவு, இடம் என்று காரணம் காட்டி மூடிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை. ஒரு கோதாவின் மண் பதத்துக்கு வர வருடக்கணக்கில் எண்ணெயும் மோரும் வியர்வையும் இறங்கியிருக்க வேண்டும். கான்கிரீட் போட்டு மூட ஒரு நாள் போதும்.

அந்தக் கோலாப்பூர்த் தாலீமில், நெற்றியில் மண் இட்டு இறங்கிய பையனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. அவன் இறங்கியது குஸ்தி போட என்று நினைத்துத்தான் நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் மூலையில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்துக் கொத்த ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம் கொத்தினான். எத்தனை நாளாக வருகிறாய் என்று கேட்டேன். மூன்று மாதம் என்றான். எத்தனை பிடி படித்தாய் என்றேன். கையை விரித்துக் காட்டினான், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. வஸ்தாத் இன்னும் மண்ணைத்தான் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தான். ஊருக்கு வந்ததும் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஆசானிடம் சேர்ந்த முதல் இரண்டு மாதம் தனக்குக் கிடைத்தது களரி கூட்டுகிற விளக்குமாறும் விளக்குக்கு விடுகிற எண்ணெயும்தான் என்றார்.